போலிப் போர்ச் சின்னங்களும் இஸ்லாம் கூறும் வியாபார நேர்மையும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சில மாதங்களுக்கு முன்னர், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என்னிடம் வந்து அமர்ந்தார். மத்திய கிழக்கிலே பல்லாண்டு காலம் உழைத்து, இப்போது ஊரோடு தங்கிவிட்டவர். கையிலே ஒரு சிறு பெட்டி. அதற்குள் இரண்டு பதக்கங்கள் இருந்தன. முதலாவது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் படையில் பணியாற்றிய அவரது பாட்டனாருக்குக் கிடைத்த யுத்த பதக்கம். அதில் யாருடைய பெயரும் இல்லை. அப்போரின் பதக்கங்களைப் பெரும்பாலும் பெயர் பொறிக்காமலேயே பிரித்தானிய அரசு வழங்கியது. மற்றையது முதலாம் உலகப் போரின் பதக்கம். அதன் விளிம்பிலே ஒரு சிப்பாயின் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஒழுங்காகப் பொறிக்கப்பட்டிருந்தன. பாட்டனாரின் பதக்கத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசையினால், இணையத்தள ஏல விற்பனையொன்றில் நல்ல விலை கொடுத்து இதனை அவர் வாங்கியிருந்தார்.

"மௌலவி, பெயரில்லாத இது உண்மை. பெயருள்ள இது பொய்" என்றார் அவர். இதை அறிந்தவர் ஒருவரிடம் காட்டியபோது, பழைய பெயரை அராவி அகற்றிவிட்டுப் புதிய பெயரை வெட்டியிருக்கிறார்கள் என்று தெரியவந்ததாம். பின்னர் தமது கேள்வியைக் கேட்டார். "நான் ஏமாந்துவிட்டேன். கொடுத்த பணம் பிள்ளைகளின் பணம். இதை அதே விலைக்கு இன்னொருவருக்கு விற்றுவிடட்டுமா? நான் ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லை. பெயர் விளிம்பிலே இருக்கிறது. வாங்குபவர் தாமாக வாசித்துக்கொள்ளட்டும்."

அன்பின் நேயர்களே, இன்றைய உரை அந்தச் சகோதரரின் கேள்விக்கான பதிலாகும். பதக்கம் சேர்ப்பவர்கள் எம்மில் மிகச் சிலரே. ஆயினும் தாம் ஏமாந்த பொருளைப் பிறர் தலையில் கட்டிவிடும் எண்ணம் எவருக்கும் வரக்கூடியது. பழைய வாகனம் விற்பவருக்கும், காணி விற்பவருக்கும், கைத்தொலைபேசி விற்பவருக்கும் இக்கேள்வி உரியதே.

முதலில் இவ்வியாபாரத்தின் தன்மையை அறிந்துகொள்வோம். பிரித்தானியாவின் அதியுயர் வீரப்பதக்கமாகிய விக்டோரியா சிலுவை 1856ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது. பீரங்கி வெண்கலத்தாலான அதன் உலோகப் பெறுமதி மிக அற்பமானது. பிரித்தானிய இந்தியப் படையில் அதனை முதன்முதலாகப் பெற்ற இந்தியச் சிப்பாய் குதாதாத் கான் என்னும் முஸ்லிம் வீரர். 1914 ஒக்டோபர் 31ஆம் திகதி பெல்ஜியத்தின் ஹொலபேக் என்னுமிடத்தில், தம்முடன் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய தோழர்கள் யாவரும் வீழ்ந்த பின்னரும், காயங்களோடு அவர் போரிட்டார். அந்தச் செயலே அந்த வெண்கலத் துண்டுக்கு மதிப்பைக் கொடுத்தது. ஆகவே, போர்ச்சின்னம் வாங்குபவர் உலோகத்தையோ துணியையோ வாங்குவதில்லை; ஒரு செய்தியையே வாங்குகின்றார். 'இதனை இன்னார் அணிந்தார், இன்ன இடத்தில் அவர் நின்றார்' என்னும் செய்தியே அங்கு விலைப்பொருள். செய்தி பொய்யானால் விற்கப்பட்டது ஒன்றுமேயில்லை.

1916 ஜூலை முதலாம் திகதி பிரான்சின் சோம் ஆற்றுப் பிரதேசத்தில் ஆரம்பித்த போரில், அந்த ஒரே நாளில் 19,240 பிரித்தானியப் படையினர் உயிரிழந்தனர். அந்நாளில் இறந்த ஒருவரின் பதக்கத்துக்கு, அதே வகையான ஏனைய பதக்கங்களைவிட அதிக விலை கொடுக்கச் சேகரிப்பாளர்கள் முன்வருகின்றனர். மோசடிக்காரர் செய்வது என்ன? விலை குறைந்த, ஆனால் உண்மையான ஒரு பதக்கத்தை எடுக்கிறார். விளிம்பிலுள்ள பெயரை அராவுகிறார். மடிந்தோர் பட்டியலிலிருந்து உண்மையான ஒரு பெயரைத் தெரிந்தெடுத்து அங்கே பொறிக்கிறார். வாங்குபவர் ஆவணங்களைத் தேடினால் அப்பெயர் இருக்கவே செய்யும். லண்டன் கியூ நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களுக்கான அட்டைகள் பல இலட்சக்கணக்கில் உள்ளன. அவை அந்த மனிதர் வாழ்ந்ததை உறுதிப்படுத்தும். கையிலுள்ள பதக்கம் அவருடையதுதான் என்பதை அவை உறுதிப்படுத்தமாட்டா. எமது சகோதரர் சறுக்கியது இந்த இடத்திலேதான்.

போலிகளை உண்டாக்கும் முறைகள் பல. அச்சினால் அடித்து உருவாக்கப்பட்ட பதக்கத்தை அச்சாகக் கொண்டு வார்ப்பு எடுப்பார்கள். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அப்பிரதி சற்றே சிறிதாகவும், மேற்பரப்பில் நுண்துளைகளோடும் காணப்படும். இரும்புத் தொப்பிகளை ஈரமண்ணில் புதைத்துத் துருவேற்றுவார்கள். காகிதத்தைத் தேநீரில் தோய்த்துப் பழுப்பேற்றுவார்கள். சீருடைச் சின்னங்களை அழுக்காக்கித் தேய்ப்பார்கள். வியட்நாமில் போர் முடிந்த 1975ஆம் ஆண்டுக்குப் பின், அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர் பொறித்த சிகரட் லைட்டர்களும், கழுத்தில் அணியும் அடையாளத் தகடுகளும் உல்லாசப் பயணிகளுக்கென்றே செய்து விற்கப்பட்டன. இறந்த ஒரு மகனின் தகட்டை அவனது தாயிடம் சேர்ப்பிக்கலாம் என்ற நல்லெண்ணத்தோடு அவற்றை வாங்கிச் சென்றோரும் உண்டு. மகனை இழந்த ஒரு தாயின் துயரம்கூடச் சிலருக்குச் சந்தைப் பொருளாகிவிட்டது.

சகோதரர்களே, பழையது போலத் தோன்றச் செய்யும் இந்த வித்தைகளை நினைக்கும்போது, நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஒரு செயல் ஞாபகத்துக்கு வருகின்றது. ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்பதற்கு முன், சில நாட்கள் பால் கறக்காமல் விட்டு, மடி கனத்துத் தோன்றச் செய்வது அன்றைய சந்தையில் வழக்கமாயிருந்தது. இதற்குத் தஸ்ரியா என்று பெயர். விற்பவர் வாயினால் ஒரு பொய்யும் சொல்வதில்லை. மடிதான் பொய் சொல்கின்றது. இதனை நபியவர்கள் தடை செய்தார்கள். அவ்வாறு வாங்கி ஏமாந்தவர் விரும்பினால் பிராணியை வைத்துக்கொள்ளலாம், அல்லது கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியுள்ளது. 'நான் ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லை' என்ற எமது சகோதரரின் வாதத்துக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகின்றது. கனத்த மடி பேசியதைப் போலவே, வெட்டிய பெயரும் பேசும். விற்பவரின் மௌனம் அந்தப் பொய்க்குத் துணை நிற்கும்.

தானியக் குவியலின் சம்பவமும் நாம் அறிந்ததே. சந்தையில் ஒரு குவியலுக்குள் நபியவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததைக் கீழே மறைத்ததே அவரது குற்றம். பதக்கத்தை அராவியது எமது சகோதரரின் குற்றமன்று. ஆனால் அதை அறிந்தபின் மறைத்து விற்றால், அந்த மறைப்பு அவருடையதாகிவிடும்.

இனி, இம்மோசடி எந்த அளவுக்கு வளரக்கூடும் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணத்தைக் கூறுகின்றேன். மேற்கு ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கொன்ராட் குயாவ் என்பவர் நாஸிக் காலப் போர்ச்சின்னங்களை விற்றுவந்தார். அவரது ஆரம்பம் சிறியது. முதலாம் உலகப் போர்க் காலத்துச் சாதாரண இரும்புத் தொப்பியொன்றை எடுத்து, ஹிட்லர் அணிந்தது என்று ஒரு போலிச் சான்றிதழை அதனோடு இணைத்தார். தொப்பி உண்மை, சான்றிதழ் பொய். வாங்குபவர்கள் மகிழ்ச்சியோடு வாங்கினார்கள். சான்றிதழ் எழுதிய கை பின்னர் கடிதம் எழுதியது, ஓவியம் தீட்டியது. இறுதியில் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று சுமார் 60 ஏடுகளையே எழுதி முடித்தது. நாஸித் தலைவர் கோரிங்கின் படகையே வாங்கி வைத்திருந்த பத்திரிகையாளர் கேர்ட் ஹைடமன் அதில் வீழ்ந்தார். அவர் பணியாற்றிய 'ஷ்டேர்ன்' சஞ்சிகை 93 இலட்சம் மார்க் பணத்தைக் கொடுத்தது. 1983 ஏப்ரலில் உலகெங்கும் அச்செய்தி பரவியது.

அச்சஞ்சிகையினர் பரிசோதிக்கவே இல்லையா? பரிசோதித்தார்கள். கையெழுத்து நிபுணர்களிடம் கொடுத்தார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஹிட்லரின் கையெழுத்து என்று கொடுக்கப்பட்ட மாதிரிகளிலும் குயாவ் எழுதியவையே இருந்தன. பொய்யைப் பொய்யோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று கூறினார்கள். புகழ்பெற்ற பிரித்தானிய வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பரும் முதலில் அவை உண்மை என்றார். ஏடுகளின் அட்டையில் பெயரின் முதலெழுத்தே தவறாக இருந்தும் எவரும் நின்று நிதானிக்கவில்லை. 1983 மே மாதத்தில் ஜேர்மன் அரச ஆவணக் காப்பகம் ஆராய்ந்தபோது, உலகப் போருக்குப் பின்னரே பாவனைக்கு வந்த வெண்மையூட்டும் இரசாயனம் அக்காகிதத்தில் இருப்பது தெரியவந்தது. 1985இல் இருவருக்கும் நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

படித்தவர்களும் பணமுள்ளவர்களும் அனுபவசாலிகளும் இவ்வாறு ஏமாந்தது எதனால்? அது உண்மையாக இருக்கவேண்டுமென்று அவர்களின் உள்ளம் விரும்பியது. அந்த விருப்பமே கண்ணை மறைத்தது. நம்பகமற்ற ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துத் தெளிவுபெற வேண்டுமென்றும், இல்லாவிடில் பின்னர் வருந்த நேருமென்றும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனத்தில் அல்லாஹ் தஆலா எமக்குக் கட்டளையிடுகின்றான். விசாரணை என்பது செய்தி கொண்டுவந்தவரிடமே சான்று கேட்பதன்று. அவரோடு சம்பந்தமில்லாத இடத்தில் விசாரிப்பதே விசாரணையாகும்.

ஏமாறும் வாடிக்கையாளரின் உள்ளத்தில் இன்னுமொரு நோயும் சில வேளைகளில் ஒளிந்திருக்கும். 'ஒரு விதவை, கணவரின் பெட்டியிலிருந்து எடுத்து விற்கிறாராம். அதன் பெறுமதி அவருக்குத் தெரியாதாம்' என்ற கதையைக் கேட்டதும் சிலருக்குக் கை பரபரக்கும். தாம் ஒரு பேதையை ஏமாற்றுவதாக எண்ணியே அவர்கள் விரைகிறார்கள். அந்தக் கதையும் தூண்டிலில் கோத்த இரையே. சந்தை விலை அறியாமல் வரும் கிராமத்து வணிகக் கூட்டத்தினரை வழியிலே மறித்து மலிவாக வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அவர்களுக்காக 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை வாங்கப்பட்டது. குதிரையைப் பார்த்த ஜரீர் (ரழி) அவர்கள், இதன் பெறுமதி அதிகம் என்று உரிமையாளரிடம் தாமாகவே கூறி, விலையைப் படிப்படியாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் தாம் செய்த உறுதிமொழியே அதற்குக் காரணம் என்றார்கள். விற்பவரின் அறியாமையில் இலாபம் தேடாத இத்தகைய உள்ளத்தை அந்த விதவைக் கதையினால் வீழ்த்திவிட முடியுமா?

இணையத்தள ஏலத்தில் இன்னுமொரு தீங்குண்டு. விற்பவரின் நண்பர்கள், அல்லது அவரே வேறு பெயர்களில், வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். இது இக்காலப் புதுமை என்று நாம் எண்ணலாம். ஆனால் நபியவர்கள் நஜ்ஷ் என்ற பெயரால் 1400 ஆண்டுகளுக்கு முன்னரே தடை செய்தது இதனையேயாகும்.

இன்னொரு விடயத்தையும் சுருக்கமாகக் கூறவேண்டும். போலிச் சந்தையில் பெருமளவு விலைபோவன நாஸிக் கொடுங்கோலரின் சின்னங்களாகும். அவற்றின் இணைய ஏலத்தைத் தனது நாட்டவர் காணாதபடி தடுக்குமாறு 2000ஆம் ஆண்டில் பிரான்சின் நீதிமன்றமொன்று யாஹூ நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. வரலாற்றைப் படிப்பினைக்காக ஆராய்வது வேறு. அநியாயக்காரனின் அடையாளத்தை ஆசையோடு வீட்டில் வைத்து அழகுபார்ப்பது வேறு. எமது உள்ளம் எதன் பக்கம் சாய்கின்றது என்று நாமே எம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். அவருக்கு நான் கூறியவற்றையே உங்களுக்கும் கூறுகின்றேன்.

முதலாவது, குறையுள்ள பொருளை அறியாமல் வாங்கியவருக்கு அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமையை ஷரீஅத் வழங்கியிருக்கின்றது. இதனைப் புகஹாக்கள் கியாருல் ஐப் என்பர். குறையைக் கண்ட உடனேயே, தாமதியாமல், விற்றவரிடம் அதனைக் கோரவேண்டும். நாட்டின் சட்டமும் ஏல நிறுவனத்தின் விதிகளும் தரும் வழிகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

இரண்டாவது, பணம் திரும்பக் கிடைக்காவிட்டாலும், குறையை மறைத்து இன்னொருவருக்கு விற்பது ஹராமாகும். ஒருவர் எனக்குச் செய்த அநியாயம், மூன்றாமவருக்கு அநியாயம் செய்ய எனக்கு அனுமதி தராது. என் பணத்தை எடுத்தவர் ஒருவர். நான் எடுக்கப்போவதோ வேறொருவரின் பிள்ளைகளின் பணத்தை.

மூன்றாவது, 'எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, உள்ளது உள்ளபடி விற்கிறேன்' என்ற வாசகம், குறையை அறிந்தவரைக் காப்பாற்றாது. அறிந்துகொண்டே அறியாதவர் போல எழுதுவது, பொய்யின் மேல் இன்னுமொரு பொய். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வியாபாரப் பங்காளி, குறையுள்ள ஒரு துணியின் குறையைக் கூற மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரைத் தேடியும் காண முடியவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனையில் வந்த பணம் முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள். மறதிக்கே இத்தனை பேணுதல் என்றால், வேண்டுமென்றே மறைப்பதை என்னவென்பது?

நான்காவது, இது பணத்தோடு மட்டும் முடிந்துவிடும் விடயமன்று. விளிம்பிலுள்ள அப்பெயருக்குரியவர் உண்மையிலே வாழ்ந்து, உண்மையிலே இறந்த ஒரு மனிதர். அவர் அணியாததை அணிந்தார் என்பது அவர் மீது சொல்லப்படும் பொய்ச் சாட்சி. பெரும் பாவங்களை எண்ணிக் கூறிய நபியவர்கள், பொய்ச் சாட்சியைப் பற்றிக் கூறும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து அமர்ந்தார்கள். நிறுத்திவிடமாட்டார்களா என்று தோழர்கள் ஏங்குமளவுக்கு அதனைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள். இறந்தவர் மறுத்துப் பேச வரமாட்டார். ஆனால் மறுமையிலே எல்லா வாய்களும் திறக்கும் நாளொன்று உண்டு.

ஐந்தாவது, விற்கவே வேண்டுமாயின், பெயர் அராவி மாற்றப்பட்டது என்பதை வெளிப்படையாக எழுதி, அதற்குரிய குறைந்த விலைக்கு விற்கலாம். அது ஆகுமான வியாபாரமே. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவாக்கினால் அவர்களின் வியாபாரத்தில் பரகத் உண்டென்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் அந்த பரகத் அழிக்கப்படுமென்றும் நபியவர்கள் கூறியுள்ளார்கள்.

வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. அவசரப்படுத்தும் விற்பனையிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். கதையைப் பார்க்காமல் பொருளைப் பாருங்கள். வாங்குமுன் அறிந்தவரிடம் காட்டுங்கள். திருப்பிக் கொடுக்கும் உரிமை எழுத்தில் இல்லாத இடத்தில் வாங்காதீர்கள். குடும்பத்தின் தேவைக்குரிய பணத்தை ஆசைப் பொருள்களில் இடாதீர்கள்.

நேயர்களே, அந்தச் சகோதரர் நான் கூறியதைக் கேட்டுச் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்னர் விற்றவருக்கு எழுதினார், பதில் வரவில்லை. சில வாரங்களின் பின் மீண்டும் வந்து அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார். இரண்டு பதக்கங்களும் அதிலே இருந்தன. பொய்ப் பதக்கத்தின் கீழே ஒரு சிறு காகிதம். 'இதன் பெயர் மாற்றப்பட்டது. இதனை உண்மையென்று எவருக்கும் விற்க வேண்டாம்' என்று எழுதி, திகதியிட்டுக் கையொப்பமும் இட்டிருந்தார். "நான் மௌத்தான பிறகு பிள்ளைகள் அறியாமல் விற்றுவிடக் கூடாதல்லவா?" என்றார்.

அவருடைய பணம் திரும்பி வரவில்லை. ஆயினும் அந்தப் பொய் அவருடைய வீட்டோடு நின்றுவிட்டது. அவருடைய இழப்புக்கு ஈடாக அல்லாஹ் அவருக்குச் சிறந்ததை வழங்குவானாக. எமது கொடுக்கல் வாங்கல்களில் உண்மையையும், உழைப்பில் பரகத்தையும், நஷ்டத்தில் பொறுமையையும் எம்மனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.